கோட்டைப்பிட்டியில் காக்கா கால் வைக்காத கதை

போன வாரம் என் மகள் அயர்லாந்திலிருந்து போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மருமகனுக்கு அங்கே ஆசுபத்திரியில் வேலை. படத்தில் ஒரு புல்வெளி, அதன் நடுவில் வட்டமாக ஒரு மண் அணை, அணைக்குள் ஒற்றை முள்மரம், ஓரத்தில் நாலைந்து மாடுகள். படத்துக்குப் பின்னாலேயே அவளுடைய குரலும் வந்தது. "உம்மா, இது பழைய காலத்துக் கோட்டையாம். இஞ்ச ஊருக்கு ஊர் இரிக்கி. ஆர் கட்டின எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட வீட்டுக்காரக் கிழவன் சொல்றாரு, இதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஆக்கள் குடியிரிக்காங்களாம். அந்த மரத்துல கத்தி வைக்கப்படாதாம், மண்ணைக் கொத்தப்படாதாம். வெள்ளக்காரன் உம்மா! வீடு நிறைய மெஷின் வெச்சிரிக்கான், அந்த வட்டத்துக்குள்ள மட்டும் ஒண்டையும் விட மாட்டானாம்!"

நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் அது மூக்கால் வந்துவிட்டது. அட, அங்கேயுமா! நாங்கள்தான் உலகத்திலேயே பெரிய பயந்தாங்கொள்ளிகள் என்று இவ்வளவு காலமும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேனே. அந்த வெள்ளைக்காரக் கிழவனுக்கு ஒரு ஸலாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிற ஊர். கிழக்கே போனால் மீன், மேற்கே போனால் நெல். வாப்பாவுக்கு மேற்கே, கிட்டங்கி ஆற்றைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் கொஞ்சம் வயல் இருந்தது. அதற்கு இரண்டு வரம்பு தள்ளித்தான் கோட்டைப்பிட்டி. பிட்டி என்றால் எங்கள் பக்கத்தில் மேடு. கோட்டை என்றதும் கல்லும் கொத்தளமும் நினைத்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். ஆள் உயரத்துக்கு வட்டமாக ஒரு மண் அணை, அதைச் சுற்றித் தூர்ந்துபோன ஒரு பள்ளம், கிழக்கே வாசல் மாதிரி ஓர் இடைவெளி, உள்ளே வயலைவிட நன்றாக உயர்ந்த தரை, நடுவில் ஒரு கிழட்டுப் பாலை மரம். அவ்வளவுதான். ஒரு சாண் நிலத்துக்காக வரம்பில் மண்வெட்டியோடு சண்டைக்கு நிற்கிற ஆட்கள், அவ்வளவு பெரிய வட்டத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி உழுவார்கள்.

அதை யார் கட்டியது என்று கேட்டீர்களானால் உங்களுக்குச் சோறு ஆறிப்போகும். சுலைமான் நபியின் ஏவலில் ஜின்கள் ஒரே இரவில் கட்டத் தொடங்கி, விடியற்கால சுபஹுடைய பாங்கு கேட்டதும் போட்டது போட்டபடி ஓடிவிட்டன, அதனால்தான் கிழக்குப் பக்கம் திறந்து கிடக்கிறது என்பது எங்கள் உம்மாவின் கட்சி. "சுலைமான் நபிட காலத்துல எங்க உம்மா பாங்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "ஒனக்கு வாய் நீளம். பாங்கு இல்லாட்டிச் சேவல் கூவியிரிக்கும், போ" என்றார். வாப்பாவோ, கண்டி ராசா எங்கள் முன்னோரை இந்தப் பக்கம் குடியேற்றிய காலத்தில் தன் யானைகளைக் கட்டிவைக்கப் போட்ட அணை என்பார். சாய்ந்தமருதில் மீன்பிடித் தொழில் செய்த மாமா, உம்மாவின் தம்பி, அவருக்கு உலகத்தில் எதுவுமே கடலால்தான் வரவேண்டும். பறங்கியன் கப்பலில் கொண்டுவந்த பொன்னைப் புதைத்துவிட்டு அடையாளத்துக்குப் போட்ட மேடு என்று அடித்துச் சொல்வார். நாவிதன்வெளித் தமிழ் ஆட்கள் அங்கே ஓர் அரசி இருந்தாள் என்பார்கள். ஒருமுறை நிலம் அளக்க வந்த ஒருவர், "இது அந்தக் காலத்து எருமைப்பட்டி, வேறொண்டுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை எல்லாக் கட்சிக்காரரும் சேர்ந்து வெறுத்தார்கள். ஜின்னையும் ராசாவையும் பொன்னையும் அரசியையும் விட்டுவிட்டு எருமைச் சாணத்தை யார் ஏற்றுக்கொள்வது!

அது மட்டுமா! கலியாண வீட்டுக்குச் சட்டி பானை போதாமல் போனால், அந்தி மஃரிபுக்கு முன்னால் பிட்டியின் வாசலில் நின்று இன்னின்ன சாமான் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தால் போதுமாம். விடியப் போனால் செம்பும் தாலமும் துலக்கி அடுக்கி இருக்குமாம். ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு பொம்பிளை ஒரு செம்பு அகப்பையைத் திருப்பிக் கொடுக்காமல் ஒளித்துவிட்டாளாம், அதோடு கொடுக்கல் வாங்கல் நின்றுபோய்விட்டதாம். அந்த அகப்பைக்காரி எந்தக் குடும்பம் என்பதில் எங்கள் தெருவில் பெரிய போட்டி. கோபம் வந்தால், "நீங்க அகப்பை களவெடுத்த குடும்பந்தானேகா" என்று ஒருவரையொருவர் ஏசிக்கொள்வார்கள். எங்களையும் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு அகப்பைகளை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததும் உண்டு. எல்லாம் சிரட்டை அகப்பைதான்.

இந்தக் கதைகளை எல்லாம் கேட்டு அதிகம் பயந்தவர் என் மூத்த காக்கா, அதாவது என் அண்ணன். நல்ல திடகாத்திரமான ஆள், நெல் மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குவார். ஆனால் ஜின் என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்குள் ஓடிவிடுவார். சின்ன வயதில் ஒருமுறை பிட்டியில் ஏறிப் பாலைப்பழம் தின்றுவிட்டு வந்து கடுங்காய்ச்சலில் விழுந்தார். ஓதிய தண்ணீர் குடித்து, தாயத்து கட்டி, ஒருபடியாக எழும்பினார். எழும்பிய அன்றைக்கே உம்மா அவரைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இனிமேல் அந்தப் பிட்டியில காலை வைக்க மாட்டன் எண்டு என்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

காக்கா உம்மாவின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார். சத்தியம் தப்பினால் யாருடைய தலையில் அடித்தோமோ அவருக்குத்தான் கேடு என்பது எங்கள் ஊர்ச் சட்டம். உம்மா மவுத்தாகிவிடுவார், செத்துப்போவார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு காக்கா பிட்டியின் நிழல் விழுகிற வரம்பில்கூட நடக்கமாட்டார். சுற்றிக்கொண்டு போவார். கூலிக்கு நிற்கிற ஆட்கள் சிரிப்பார்கள். "சிரிங்கடா, ஒங்கட உம்மாட தலையா?" என்பார்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். எழுபத்தெட்டாம் ஆண்டுப் பெரிய சூறாவளி வந்துபோய் மூன்று நான்கு வருசம் இருக்கும். அந்த மாரி விடாமல் பெய்தது. ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா ஜும்ஆவுக்காக ஊருக்கு வந்தார். எருமை மாடுகளைப் பார்க்கக் காக்கா வயல் வாடியிலேயே நின்றார். தொழுது, சோறு தின்று, வாப்பா திரும்பப் புறப்படும்போது செய்தி வந்தது. குளம் நிறைஞ்சு வான் பாயுது, கிட்டங்கி மூடிட்டு, மேற்கே வயலெல்லாம் ஒரே கடல். பாதையால் போக வழியில்லை. வாப்பா போனார், வெள்ளத்தின் விளிம்பைப் பார்த்தார், திரும்பி வந்து வாசலில் குந்திவிட்டார்.

வாடி என்பது நாலு கம்பும் ஓலையும். அது நிற்காது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வயல்வட்டையில் வெள்ளம் ஏறாத ஒரே இடம் கோட்டைப்பிட்டிதான் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஊரில் வந்த ஆட்கள் எல்லாம், "பயப்புடாதீங்க, பிட்டியில ஏறியிருப்பான்" என்று ஆறுதல் சொன்னார்கள். அவர்கள் அப்படிச் சொல்லச் சொல்ல உம்மாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நான்தான் பக்கத்தில் இருந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்.

"அவன் ஏற மாட்டான் புள்ள" என்றார் உம்மா. "கழுத்துவரைக்கும் தண்ணி வந்தாலும் ஏற மாட்டான். இந்தப் பாழாப்போன தலைதான் அவனைக் கொல்லப்போகுது." சொல்லிவிட்டுத் தன் தலையிலேயே மடார் மடாரென்று அடித்துக்கொண்டார். நான் கையைப் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை, என்ன பலம் அது!

மறுநாள் விடிந்ததும் மாமா வந்தார். சும்மா வரவில்லை. கடலில் ஓடுகிற தன் சின்னத் தோணியை உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, துடுப்பும் கயிறுமாக வந்து இறங்கினார். வயலுக்குள் கடல்தோணி போவதை அன்றைக்குத்தான் கண்டேன். மாமாவும் வாப்பாவும் ஏறிப் போனார்கள். நானும் உம்மாவும் வெள்ளத்தின் விளிம்பில் நின்றோம். பொம்பிளைகள் அப்படி வெளியில் வந்து நிற்பது வழக்கமில்லை. அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் பள்ளிவாசல் லெப்பை உம்மாவின் நிலையைக் கண்டு பக்கத்தில் வந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இஞ்ச பாருங்க, அல்லாஹ்வைத் தவிர மத்ததுல சத்தியம் பண்றது செல்லாது. தலையில அடிக்கிறதெல்லாம் சத்தியமே இல்ல. புள்ள ஏறினா ஒரு குத்தமும் இல்ல."

உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்: "சரி லெப்பை, அது ஒங்களுக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரியும். அவனுக்கு ஆர் போய்ச் சொல்ற?"

லெப்பை கையை ஏந்தினார். துஆ ஓதத் தொடங்கிவிட்டார். எனக்கு உம்மாவின் மேல் கோபம், லெப்பையின் மேல் கோபம், ஒரு பாலைப்பழத்துக்காகக் காய்ச்சலில் விழுந்த காக்காவின் மேல்கூடக் கோபம். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

பகல் ஏறியபிறகு தோணி தெரிந்தது. முதலில் தெரிந்தது ஆடுகள். தோணி நிறைய ஆடு! பிறகு துடுப்புப் போடுகிற மாமா. பிறகு சேலை கட்டிய ஒரு பொம்பிளை. பிறகு வாப்பாவின் தொப்பி. காக்காவைக் காணவில்லை. உம்மா என் தோளைப் பிடித்த பிடி மூன்று நாளைக்கு நீலம் பாரித்துக் கிடந்தது. "ஆட்டை ஏத்தி வாறானுகளே, என்ட புள்ள எங்க" என்று முனகினார். தோணி இன்னும் கிட்ட வந்தது. ஆடுகளுக்கு நடுவில், ஓர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி குந்தியிருந்தது எங்கள் காக்கா.

தலை நிமிர்ந்தது. எங்களைக் கண்டது. அவ்வளவுதான், குட்டியைப் போட்டுவிட்டு மனிசன் தண்ணீருக்குள் குதித்து, சளார் சளாரென்று ஓடிவந்தார். வந்தவர் உம்மாவைக் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டு கையாலும் உம்மாவின் தலையைப் பிடித்து, முக்காட்டை விலக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உம்மா, நீங்க ஹயாத்தா இரிக்கீங்களா? உசிரோடயா?"

உம்மா ஓங்கி ஓர் அறை விட்டார். அந்தக் கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியாது. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோசமான சேற்றில் நான் பிறகு உட்கார்ந்ததில்லை.

நடந்ததைக் காக்கா ஒருபாதி சொன்னார், ஆடுகளோடு வந்த பொம்பிளை மறுபாதி சொன்னா. அவவின் பெயர் பாக்கியம், நாவிதன்வெளிப் பக்கம் ஆடு வளர்க்கிறவ, வீடு வெள்ளத்தில் போனதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பிட்டியில் ஏறிவிட்டா.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் எங்கள் எருமைகள் எல்லாம் தாமாகவே பிட்டியை நோக்கி நீந்தத் தொடங்கியிருக்கின்றன. காக்காவுக்கு நீந்திப் போக வேறு இடமில்லை. பிட்டியின் அணை கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. சத்தியம் வழியை மறித்து நிற்கிறது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காலை வைக்க மாட்டேன் என்றுதானே சத்தியம்? எருமையின் கால் வைத்தால்? பெரிய கடா எருமையின் முதுகில் ஏறிக் குந்திக்கொண்டார். வாசலை நெருங்கியதும் உள்ளே குடியிருக்கிறவர்களுக்கு மரியாதை செய்யவேண்டுமே என்று, "அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று கத்தினார்.

மழையும் இருட்டும் மூடிவந்த பின்னேரம். அணைக்குள்ளே பாக்கியம் நிமிர்ந்து பார்த்தா. பெரிய எருமை ஒன்று தண்ணீருக்குள்ளிருந்து எழும்பி வருகிறது. அதன்மேல் கறுத்த ஆள் ஒருவன்.

"எமன்தான் எண்டு நினைச்சன்கா" என்றா பாக்கியம் எங்களிடம். "வேற ஆர் எருமையில வாற? 'ஐயோ, இண்டைக்கு நான் வர மாட்டன், எனக்கு ஆட்டுக்குட்டி கிடக்கு, மறுகா வா' எண்டு கத்தினன்."

காக்கா எருமையின் கொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸலாத்துக்குப் பதில் வரவில்லை, பொம்பிளைக் குரலில் கூச்சல் வருகிறது! ஜின்தான் என்று முடிவுகட்டி, தெரிந்த ஓதல் எல்லாம் ஓதத் தொடங்கினார். அந்த ஓதல்தான் இரண்டு பேரையும் காப்பாற்றியது. எமன் ஓதமாட்டான் என்று பாக்கியத்துக்கு உறைத்திருக்கிறது.

"ஆர் தம்பி அது? சோனக ஆக்களா? இறங்கி வாங்க."

"இறங்க ஏலா."

"ஏன் மனே, காலில அடியா?"

"காலில ஒண்டுமில்ல. காலை வைக்க ஏலா."

பாக்கியம் முழுக் கதையையும் கேட்டா. கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை, அதுதான் அவவின் பெருந்தன்மை. கொண்டுவந்த ஒரு சாக்கை எருமைக்குப் பக்கத்தில் விரித்து, "மண்ணில வைக்க வேணாம், சாக்கில வையுங்க" என்றா. காக்கா நம்பவில்லை. சாக்குக்குக் கீழே மண்தானே! எருமையிலேயே குந்தியிருந்தார். பாக்கியம் ஆட்டுப்பால் கறந்து சிரட்டையில் நீட்ட, எருமையில் இருந்தபடியே குடித்தார். கடைசியில் மனிசன் எவ்வளவு நேரம்தான் எருமையில் இருப்பான்? கண் அயர்ந்த ஒரு கணத்தில் தொப்பென்று விழுந்தார். கால் என்ன, முழு உடம்பும் பிட்டியில்!

விழுந்தவர் எழும்பவேயில்லை. மண்ணிலேயே கிடந்து, "உம்மா மவுத்தாப்போயிருப்பாங்க, உம்மாவை நான் சாகடிச்சிட்டன்" என்று தோணி வரும்வரைக்கும் அழுதிருக்கிறார். தேடிப்போன வாப்பாவைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, மையித்தை அடக்கிவிட்டீர்களா என்பதுதானாம். வெள்ளத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று மாமா பயந்துவிட்டார். பாக்கியம்தான் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தா. "இந்த இடம் ஓர் அரசிட இடம். அவவும் புள்ளை பெத்தவ. புள்ளை உயிர் தப்ப வந்ததுக்கு ஒரு தாய் இன்னொரு தாய்க்குக் கேடு செய்வாவா? அழாதீங்க மனே." எங்கள் ஜின்கள் யாரும் அவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதையெல்லாம் கேட்ட உம்மா எழும்பிப் போய்ப் பாக்கியத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வெள்ளம் வற்றும்வரை அவவும் ஆடுகளும் எங்கள் வீட்டில்தான். முற்றத்துச் செவ்வந்தியை எல்லாம் ஆடு மேய்ந்து முடித்தது. உம்மா ஒரு சொல் ஏசவில்லை. ஜின் கட்சியையும் உம்மா அன்றோடு விட்டுவிட்டார். யாராவது பிட்டியை யார் கட்டியது என்று தொடங்கினால், "ஆர் கட்டினா என்ன, என்ட புள்ளைக்கெண்டு கட்டினது" என்று வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொள்வார். 

எண்பதுகளின் பிற்பகுதியில் யுத்தம் வந்து காலம் கெட்டது. மேற்கே போக எங்கள் ஆட்கள் அஞ்சினார்கள், கிழக்கே வர நாவிதன்வெளித் தமிழ் ஆட்கள் அஞ்சினார்கள். வயல் தரிசாகக் கிடந்தது. பாக்கியம் ஆடு விற்க வருகிறபோதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு நேரம் சோறு தின்றுவிட்டுப் போவா, அந்த வரவும் நின்றது. உயிரோடு இருக்கிறா, மகள் வீட்டோடு தூரத்துக்குப் போய்விட்டா என்று நெடுநாள் கழித்துத் தெரிந்தபோது உம்மா அல்ஹம்துலில்லாஹ் சொல்லி இரண்டு ரக்அத் தொழுதார்.

மறுபடி வயலுக்குப் போகக்கூடிய காலம் வந்து காக்கா போய்ப் பார்த்தால், பிட்டி இல்லை. அணை இல்லை, பள்ளம் இல்லை, பாலை மரம் இல்லை. ஒரே மட்டமான நிலம். காவல் அரண் கட்ட மண் அள்ளினார்கள் என்றார் ஒருவர். றோட்டுக்குப் போட்டார்கள் என்றார் இன்னொருவர். பொன் தேடித் தோண்டினார்கள் என்று மாமா சொன்னார், அவரிடம் வேறு எதை எதிர்பார்ப்பது! யார் கட்டினார்கள் என்று சண்டை பிடித்த ஊர், யார் அழித்தார்கள் என்று சண்டை பிடிக்கத் தொடங்கியது.

அன்று காக்கா அந்த மட்டமான நிலத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தலை நரைக்கத் தொடங்கிய ஆள், நாலு பிள்ளைகளின் வாப்பா. வந்தவர் சாரத்தைக்கூட மாற்றாமல் நேரே உம்மாவின் அறைக்குள் எட்டிப் பார்த்தார். உம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"இரிக்கன்டா, இரிக்கன். போய்ச் சோத்தைத் தின்னு."

உம்மா அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தார். கடைசியில் படுக்கையில் விழுந்தபோது காக்கா வயல் பக்கமே போகவில்லை. விளைந்த வேளாண்மையை வெட்ட ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு, உம்மாவின் கட்டிலோடு கிடந்தார். உயிர் பிரியும்போது வாயில் தண்ணீர் விட்டது அவர்தான், கலிமா சொல்லிக்கொடுத்ததும் அவர்தான், தலையைத் தன் மடியில் வைத்திருந்ததும் அவர்தான். நான் அழுதேன். அழுதுகொண்டே மனசுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியதையும் உணர்ந்தேன். இந்த மவுத்துக்குக் காக்கா தன்னைக் குற்றம் சொல்ல ஒரு வழியும் இல்லை. பிட்டி போய்விட்டது, உம்மா போய்விட்டார். பிட்டியால் உம்மா போகவில்லை.